தகட்டில் இருந்த குங்குமம்

பட்டாசுக் கம்பெனியில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறைக்குள் போகுமுன் வாசல் சுவரில் பதித்திருக்கும் செப்புத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். நடந்து வருகையில் உடம்பில் சேர்ந்த மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காவிட்டால் விரல் நுனியிலிருந்து ஒரு பொறி தாவலாம். மருந்து வெடிக்க அது போதும்.

நான் போர்மேனாகச் சேர்ந்த அன்று அந்தத் தகடு என் கண்ணில் படவே இல்லை. மஞ்சளும் சந்தனமும் எண்ணெயில் குழைத்த குங்குமமும் அப்பி அது சாமியாகியிருந்தது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் வந்து இறங்கும் பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடத்திலிருந்து அவளுக்கு அந்த அறையில்தான் வேலை.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரியில் வேதியியல். அறிவு ஏற ஏற பக்தி இறங்கும் என்று விடுதிச் சாப்பாட்டு வரிசையில் நின்று வாதாடுவேன். விபூதி பூசிய நண்பன் ஒருவனிடம், "படிச்சும் ஒனக்குப் புத்தி வரலையேடா" என்றிருக்கிறேன். பரீட்சையில் அவன் எப்போதும் என்னைவிட அதிகம் வாங்குவான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது வாரமே புளி போட்டு அந்தத் தகட்டைத் தேய்த்தேன். எண்ணெய்ப் பசை இருந்தால் மின்சாரம் சரியாக இறங்காது. அதில் நான் சொன்னது சரிதான். பெண்களை நிற்கவைத்து விளக்கினேன். "இது சாமி இல்ல. வெறும் தகடு."

அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து மருந்து செலுத்தும் ஒருத்தியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். வாய் ஜாஸ்தி. "ஆத்தி, இம்புட்டு நாளா தகட்டையா கும்பிட்டோம்? ஏ மதினி, ஒம்மகன் படிச்சது வீணாப் போகல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆடிக்காற்று தொடங்கியது. காய்ந்த காற்று, உடம்பில் மின்சாரம் சேர அதைவிட வாகான காலம் கிடையாது. தீபாவளி ஆர்டரும் நெருக்கியது. ஒருநாள் காலை, காலிக் குழாய்கள் அடுக்கிய தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அம்மா தகட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசலுக்குப் போனாள்.

"எம்மா, நில்லு. தகட்டத் தொட்டியா?"

"நேத்து தொட்டேன்லய்யா."

"உள்ள போற ஒவ்வொரு தடவையும் தொடணும்."

"நீதானய்யா சொன்ன, ஒடம்புல இருக்கது மண்ணுக்குள்ள எறங்கிரும்னு. எறங்கினது திரும்ப ஏறவா போகுது?"

பின்னால் வந்த அத்தையும் தொடவில்லை. "தகடுதான்னு போர்மேன் அய்யாவே சொல்லிட்டாக. சாமின்னா கோவிச்சுக்கும். தகடு கோவிச்சுக்குமாக்கும்?"

அங்கே எண்ணிக்கைக்குத்தான் கூலி. கையில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுத் தொட யாருக்கும் பொழுதில்லை. சாமி என்றபோது இறக்கிவைத்தார்கள். மறுபடி விளக்கினேன். அறிவிப்புப் பலகை எழுதி மாட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தொடாதவர்களுக்கு வேலை இல்லை என்று சத்தம் போட்டேன். நான் நிற்கும்போது தொட்டார்கள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவாதபடி அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் இதேபோல் ஒரு தகடு. எத்தனை வாசலில் நான் நிற்பது?

முதலாளியிடம் போனேன். வெளிநாட்டில் பொறியியல் படித்தவர்; ராகு காலத்தில் லோடு ஏற்ற விடமாட்டார். "குங்குமத்த ஏன் எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

அந்த வாரம் முழுக்க இதே யோசனைதான். மருந்தில் ஈரம் கூடியிருந்தால் அம்மா விரலால் தொட்டே சொல்லிவிடுவாள். நான் கருவி வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் இருக்கும். அவளையா நான் புத்தியில்லாதவள் என்று நினைத்தேன்? தராசின் ஒரு தட்டில் அறிவையும் மறு தட்டில் பக்தியையும் வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒருவர்கூட அந்தத் தராசில் சரியாக உட்காரவில்லை. நான் உட்பட.

வெள்ளிக்கிழமை காலை, வேன் வருமுன் தகட்டைத் துடைத்துவிட்டு, அதற்கு மேலே சுவரில் குங்குமப் பொட்டு வைத்துப் பூச்சரம் தொங்கவிட்டேன். மற்ற வாசல்களிலும் அப்படியே செய்தேன். பெண்கள் வந்ததும் சொன்னேன்: "கனவுல ஆத்தா வந்தா. தொடாம உள்ள போறவள நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னா. பொட்டு செவத்துலதான் வைக்கணுமாம். தகடு சுத்தமா இருக்கணுமாம்."

அத்தை கேலி பேசவில்லை. அம்மா கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "ஒங்கிட்டயாய்யா சொன்னா?"

"ஆமா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் முதலில் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வரிசையாக எல்லோரும் தொட்டார்கள். அன்றிலிருந்து ஒருத்தியும் விடவில்லை.

அதோடு முடியும் என்று நினைத்தேன். "ஆத்தா வேற ஏதும் சொன்னாளாய்யா?" என்று மகளுக்கு வரன் பார்க்கும் ஒருத்தி கேட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு என் கையால் விபூதி கேட்டார்கள். எனக்காக அக்கினிச்சட்டி நேர்ந்திருப்பதாக அம்மா சொன்னாள். கனவில் ஆத்தா வரவே இல்லை என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும், அத்தனையும் முடிந்துவிடும். தகட்டைத் தொடுவதும் முடிந்துவிடும்.

போன மாதம் ஆலங்குளம் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் ஆய்வுக்கூடத்திலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நான் படித்த படிப்புக்கான வேலை. மதியச் சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் அம்மாவிடம் சொன்னேன்.

"நீ போயிட்டா ஆத்தா யாருகிட்டய்யா சொல்லுவா?"

"நீயும் இந்த வேலைய விட்டுட்டு எங்கூட வந்துரும்மா."

அம்மா சோற்றைப் பிசைந்தாள். "என்னையக் கூட்டிட்டுப் போயிருவ. மத்தவுகள?"

அதற்குள் மணி அடித்தது. கைகழுவிக்கொண்டு எல்லோரும் அறை வாசலில் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். இப்போதெல்லாம் முதலில் நான்தான் தொட வேண்டும். உள்ளங்கையைத் தகட்டில் வைத்தேன். வெயிலுக்குச் சூடாக இருந்தது. கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன்.

"என்னய்யா, கண்ணுல ஒத்திக்கலையா?" என்றாள் அத்தை, பயந்த குரலில்.

ஒற்றிக்கொண்டேன்.