மிஸ் சொன்னதும் மகள் சொன்னதும்

என் கையெழுத்து கோழி கிளறின மணல் மாதிரி இருக்கும். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எந்த இடத்தில் ‘ர’, எந்த இடத்தில் ‘ற’ என்று இன்னும் சந்தேகம்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

துறைமுகத்துக்குப் போகிற லாரிகளில் கண்டெய்னர் பெட்டியைப் பூட்டி இறுக்குவது என் வேலை. அதிகம் பேசத் தேவையில்லை. என் ஒரே மகள் அப்படியில்லை. ஐந்தாவது வரைக்கும் வீட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். மைக் எட்டாது. ஸ்டூலில் ஏறி நின்று, ஒரு எழுத்து தடுக்காமல் வாசிப்பாள். இப்படிப்பட்ட பிள்ளையை இங்கேயே விட்டுவைக்கலாமா என்று நானும் என் மனைவியும் யோசித்து, ஆறாவதுக்கு டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

முதல் மாதத்திலேயே அவள் குரல் சின்னதாகிவிட்டது. வகுப்பில் வாசிக்கும்போது பிள்ளைகள் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு கையிலிருந்து தம்ளர் விழுந்தாலும், பஸ்ஸை விட்டாலும், நாங்கள் வாய் திறப்பதற்கு முன்னால், “நான் மக்குல்லா” என்று அவளே சொல்லிக்கொள்வாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நாங்களும் சிரித்தோம். கோயிலில் வாசிக்கக் கூப்பிட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து பெற்றோரைக் கூப்பிட்டார்கள். வகுப்பு மிஸ் வெளி மாநிலத்துக்காரர். கணவருக்கு இங்கே வேலை மாற்றலானதால் வந்தவர். தமிழ் நாலைந்து வார்த்தைதான் தெரியும். மகளே நடுவில் நின்று எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மிஸ் சிரித்த முகமாகக் கொஞ்ச நேரம் பேசினார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குதாம்ப்பா. க்ளாஸ்லயே நான்தான் கடைசியாம்.”

சிரித்துக்கொண்டே இதைச் சொல்கிறாரே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. படித்தவர்கள் அப்படித்தான் பக்குவமாகச் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டேன். தலையை ஆட்டினேன். தேங்க்ஸ் மிஸ் என்று வேறு சொன்னேன்.

மகள் தண்ணீர் குடிக்கப் போனபோது, வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு தாய் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, “அண்ணாச்சி, மிஸ் அப்படிச் சொல்லலியே. நல்ல பிள்ள, எல்லாம் தெரியுது, கூச்சந்தான் படுதா, வீட்டுல தைரியம் குடுங்கன்னுல்லா சொன்னாங்க” என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி மகளிடம் கேட்டேன். அவள் அழவில்லை.

“அவங்க சொன்னது எனக்கு வெளங்கிச்சுப்பா. அது எல்லாருக்கும் சும்மா சொல்லுதது. உள்ளத நான் சொன்னேன்” என்றாள். பிறகு, “நீங்களும் தலைய ஆட்டுனியள்லா” என்றாள்.

நான் மரியாதைக்கு ஆட்டிய தலை அவளுக்குச் சாட்சியாகிவிட்டது. பெற்ற தகப்பன் ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டான். வேறு யார் வந்து இல்லை என்று சொன்னால் அவள் நம்புவாள்?

அன்றிலிருந்து வேளாவேளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி நானும் மனைவியும் அவளைப் பாராட்டினோம். ஒருநாள் அவளே தோசை சுட்டாள். அருமை என்றேன். “பிஞ்சிபோன எடத்தப் பாக்கலியாப்பா?” என்று அந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். பாராட்டை விட்டுவிட்டு, இன்னொன்று போடு என்று மட்டும் கேட்டேன். உடனே மாவை ஊற்றினாள். அன்றைக்கு வயிறு கொள்ளாமல் தின்றேன். அவ்வளவுதான் எனக்குக் கைகூடியது.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து இன்று காலை பெற்றோரை மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். என்ன பேச வேண்டும் என்று வண்டியில் போகும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மிஸ் பேசி முடித்தார். மகள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“இரும்மா. மொதல்ல நான் சொல்லுதத மிஸ்கிட்டச் சொல்லு. என் மவளுக்கு எல்லாம் வரும். அவமேல எனக்குச் சந்தேகமே இல்லன்னு சொல்லு.”

என் வாழ்நாளில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நான் இவ்வளவு பேசியது இல்லை. மகள் என்னையே பார்த்தாள்.

“அத எப்படிப்பா நானே சொல்லுவேன்?”

சொல்லும்மா என்றேன். மிஸ் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. அவள் கண் நிறைந்துவிட்டது. கடைசியில் இங்கிலீஷில் ஏதோ சின்னதாகச் சொன்னாள். மிஸ் சரி சரி என்று தலையசைத்து, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெளியே வந்து, மிஸ்ஸிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“அப்பாவுக்கு வேலைக்கு நேரமாயிட்டுன்னு சொன்னேன்” என்றாள்.

2026 ஜனவரி 24, சனிக்கிழமை.