பதினான்கு படங்களில் ஒரு தாயத்து

நாகூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் உபைதுல்லாவுக்கு மங்கலான படத்தைக் கண்டாலே ஆகாது. கல்யாண வீட்டில் பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை என்று, படத்தில் காது மங்கிப்போன மாப்பிள்ளையை மறுபடி நிற்கவைப்பார். எங்களுக்கெல்லாம் எரிச்சலாக வரும். சுவாமிமலைப் பட்டறைகளின் சிலைகளைப் படம் எடுப்பவரும் அவர்தான். கிட்டத்தில் எடுத்தால் சிலையின் மூக்கு தெளிந்து காது மங்கிவிடும். அதனால் கேமராவை அசைக்காமல் ஃபோகஸை மட்டும் இம்மி இம்மியாகத் தள்ளிப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் ஒன்றுசேர்ப்பார். "கண்ணுக்குத் தெரியாததும் என் படத்துல தெரியும்" என்பார். அந்தக் கர்வம்தான் அவரைக் கெடுத்தது.

போன ஐப்பசியில் மீனவர் குப்பத்து எல்லையம்மாளின் மகன் பகலவன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. இருபது நாள் கழித்து வேதாரண்யம் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் தெரியவில்லை. இடுப்புக் கயிற்றில் வெள்ளித் தாயத்து ஒன்று இருந்தது. குப்பத்துக்குப் போலீஸ் செல்போனில் அனுப்பிய படத்தில் ஒன்றும் விளங்கவில்லை. யாரும் கேட்காமலே உபைதுல்லா பஸ் ஏறிப் போய், அனுமதி வாங்கி, தாயத்தைப் பதினான்கு படம் எடுத்து வந்து சேர்த்தார்.

மறுநாள் எல்லையம்மாள், பகலவனின் மனைவி அனுசுயாவோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். அனுசுயாவுக்கு நிறைமாதம். படியேற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

படத்தில் தாயத்தின் முனையிலிருந்து அடி வரை எல்லாம் துல்லியமாக இருந்தது. விளிம்பில் இரண்டு சின்னப் பள்ளங்கள். எல்லையம்மாள் அவற்றின்மேல் விரலை வைத்தாள்.

"பல்லு மொளைக்கிறப்ப கடிச்சது பாய். அப்பல்லாம் கழுத்துல கெடக்கும்."

உபைதுல்லாவுக்கு ஏன்தான் போய் எடுத்தோமோ என்று இருந்தது.

"அத்தை, என்ன தெரியுது?" என்று வாசலிலிருந்து அனுசுயா கேட்டாள்.

எல்லையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நம்மளது இல்லம்மா. வேற யாரோ பெத்த புள்ள." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ பெத்துப் பொழைக்கட்டும் பாய். சொல்லிடாதீங்க" என்றாள்.

அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று என்னிடம் பலமுறை கேட்டுவிட்டார். எனக்கும் தெரியவில்லை.

உரிமை கேட்டு யாரும் வராத அந்த உடலை அதற்கு நான்காம் நாள் வேதாரண்யத்தில் புதைத்தார்கள். குழி வெட்டியவரையும் ஒரு போலீஸ்காரரையும் தவிர உபைதுல்லா மட்டும் நின்றார். தங்கள் மார்க்கத்து வழக்கப்படி மூன்று பிடி மண் போட்டார். பிறகு மறுபடி குனிந்து, எல்லையம்மாளுக்காக இன்னொரு பிடி எடுத்தார்.