வாங்காத சம்மன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. ஈஜிபுராவில் என் பெயின்ட் குடோன் வாசலில் மரகதம் வந்து நின்றாள். வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்பவள். அந்த நேரத்துக்கு யூனிஃபார்மோடு பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும்.

“அண்ணா, இன்னிக்கு கேஸு. கொழுந்தன் கோர்ட்டுக்குக் கிளம்பிட்டான். எதிர்க்க யாரும் வரலையாம், இனிமே அவன் சொல்றதுதான் சாட்சியாம். மூட்டைய கட்டிக்கோன்றான்.”

“எந்த கேஸு?” என்றேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது... எந்த கேஸ் என்று.

என்னைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு மூணாங்கிளாஸ். ஒரு பிரஷ்ஷோடு இந்த ஊருக்கு வந்தவன். இன்று எந்த ரோட்டில் போனாலும் நான் பெயின்ட் அடித்த ஒரு கட்டடத்தையாவது காட்டுவேன். வாடகைத் தகராறா, புருஷன் பெண்டாட்டி சண்டையா — எல்லாம் என் குடோன் வாசலில்தான் முடியும். வக்கீல் ஆபீஸ் படியை நான் மிதித்ததே இல்லை. அதில் எனக்குப் பெருமை.

இரண்டு மாதம் முன்பு இதே மரகதம் போன் செய்தாள். தொம்மலூரில் மாமனார் கட்டிய வீடு. புருஷன் இறந்த பிறகும் இரண்டு பெண் பிள்ளைகளோடு அதில்தான் இருக்கிறாள். காலி பண்ணச் சொல்லி கொழுந்தன் கேஸ் போட்டுவிட்டான். கோர்ட் ஆள் சம்மனோடு வாசலில் நிற்கிறான். என்ன செய்வது?

“வாங்காத. கையெழுத்துப் போடாத. கையில வாங்கினாத்தான் கேஸு. கதவச் சாத்து.”

சாத்தினாள். அந்த ஆள் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போனான். அதற்கும் போன் வந்தது. “கிழிச்சுப் போடு” என்றேன். நம் ஜனங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த சட்டம் இதுதானே?

ஆட்டோ பிடித்தோம். டிராஃபிக் நகரவில்லை. எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் மூன்று பேருக்குப் போன் போட்டேன். ஒருவரும் எடுக்கவில்லை.

“கூட வேலை செய்ற அக்கா சொன்னாங்கணா. கோர்ட்லயே பொம்பளைங்களுக்கு ஃப்ரீயா வக்கீல் குடுப்பாங்களாம்.”

“ஃப்ரீயா வர்ற வக்கீல் வாயத் தொறக்குமா? சும்மா இரும்மா, எனக்குத் தெரியும்.”

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “உங்களுக்குத் தெரிஞ்சதக் கேட்டுத்தாண்ணா இப்ப ஆட்டோல உக்காந்துனுகீறேன்.”

நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கோர்ட் சேரும்போது பத்து நாற்பது. பதினொன்றுக்கு ஜட்ஜ் உட்கார்ந்துவிடுவார். நான் யாரைப் பிடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்க, மரகதம் வாசல் போலீஸிடம் கன்னடத்தில் கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. இலவச சட்ட உதவி என்று போர்டு. உள்ளே ஒரு பெண் வக்கீல். ஆதார் கேட்டார், வாங்கிப் பார்த்தார். கேஸைக் கம்ப்யூட்டரில் தேடினார்.

“சம்மன் வரலையா?”

“வந்துச்சு மேடம்.”

“ஏன் வாங்கல?”

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“வாங்கலன்னாலும் வாங்கின மாதிரிதாம்மா. ஜட்ஜுகிட்ட நான் ஒரு காரணம் சொல்லியாகணும். இல்லன்னா உங்க பக்கத்தைக் கேக்காமலே கேஸ் முடிஞ்சிரும். சீக்கிரம் சொல்லுங்க.”

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. ஆயிரம் பஞ்சாயத்து பேசிய நான் மேஜைக்கு முன்னால் வந்து நின்றேன்.

“நான்தான் வாங்க வேணாம்னு சொன்னேன்.”

அவர் என்னை முதல் தடவையாகப் பார்த்தார். “நீங்க என்ன சார் படிச்சிருக்கீங்க?”

நான் முதலாளி ஆன பிறகு யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. “மூணாவது.”

“சரி, அதையே எழுதிடலாம்.”

கன்னடத்தில் எழுதி, தமிழில் படித்துக்காட்டினார். இன்னார், மூன்றாம் வகுப்பு, சட்டம் தெரியாமல் தவறான யோசனை சொன்னேன்... கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து கோணலாக விழுந்தது. பெயின்ட் அடித்துப் பழகிய கை, அவ்வளவுதான்.

கோர்ட் ஹாலில் கொழுந்தன் சாட்சி சொல்லத் தயாராக நின்றான். எங்கள் வக்கீல் எழுந்ததும் அவன் வக்கீல் கத்தினார். ஃப்ரீ வக்கீல் வாய் திறப்பாரா என்று கேட்டேனே — அவன் வக்கீலைவிட நன்றாகத் திறந்தார். ஜட்ஜ் காகிதத்தைப் படித்தார். கடைசி வரிசையில் என்னைக் கண்டுபிடித்தார்.

“நீவேனா?” நீங்கள்தானா என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஹௌது சுவாமி”, ஆமாம் என்று எழுந்து நின்றேன். மரகதத்தின் விரல்கள் என் முழங்கையைப் பிடித்திருந்தன.

மரகதம் பதில் மனு போடலாம் என்று ஜட்ஜ் அடுத்த தேதி கொடுத்தார். கேஸ் முடியவில்லை. ஆனால் இனி அவள் பக்கத்தைக் கேட்காமல் யாரும் அவளை வெளியே தள்ள முடியாது.

ஹாலை விட்டு வெளியே வரும்போது அந்த வக்கீலிடம் விசாரித்தேன். பெண்கள் என்றால் வருமானமே கேட்பதில்லையாம். எஸ்.சி., எஸ்.டி. மக்கள், ஃபேக்டரித் தொழிலாளிகள், உடல் ஊனமுற்றவர்கள், ஜெயிலில் இருப்பவர்கள் — இவர்களுக்கும் உண்டு. மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். தாலுகா கோர்ட்டிலும் இதே மாதிரி இடம் இருக்கிறது. கேஸ் போடும் முன்பே, யோசனைக்கு மட்டும்கூடப் போகலாமாம். இத்தனை வருஷம் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே இருக்கிற அந்த போர்டைப் பார்த்ததில்லை. அந்த கோர்ட் காம்பவுண்டுக்கு வெள்ளையடித்ததே நான்தான்.

சம்மன் வந்தால் வாங்குங்கள், கையெழுத்துப் போடுங்கள், நேராக அந்த அறைக்குப் போங்கள் — என் குடோன் வாசலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்ல மட்டும் வந்தால் போதும்.