மஹராக வந்த நீலக்கல்

நிக்காஹ்வில், மணப்பெண்ணுக்கே உரித்தான மஹராகக் கணவர் எனக்குத் தந்த மோதிரத்தின் நீலக்கல்லுக்குள் மெல்லிய கோடுகள் உண்டு. இரத்தினபுரியில் கல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தபோது அவரே தேடி எடுத்த கல் அது. கணவரின் உம்மாவான மாமிக்கோ அந்தக் கோடுகள் மானப் பிரச்சினை. கல்யாண வீட்டில் யாராவது என் கையைப் பார்த்தாலே அவர் முகம் சுருங்கிவிடும்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மாமி வந்தால் விருந்தாளி. கணவரின் தங்கைக்குக் கல்யாணம் நெருங்கிய வாரம் அப்படித்தான் வந்தார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மாமியும் இல்லை, மேசையில் கழற்றி வைத்த மோதிரமும் இல்லை. கல்யாணத்துக்கு முன் பத்தரிடம் கொடுத்துக் கோட்டை அழிக்கவேணும் என்று முந்தின நாள்தான் மாமி சொல்லியிருந்தார்; எங்கே என்று விளங்கிவிட்டது. ஆத்திரத்தோடு ஆட்டோ பிடித்துக் கல்முனை பசாருக்குப் போனேன்.

நகை செய்யும் பத்தர் கல்லைக் கழற்றி வைத்திருந்தார். ஊதுகுழல் அவர் கையில். பக்கத்துக் கதிரையில் மாமி உட்கார்ந்திருந்தார்.

“லேசாச் சூடு காட்டினாக் கோடு அழிஞ்சிரும் தங்கச்சி” என்றார் பத்தர்.

“கீழ வைங்க அண்ணன்.”

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அன்று கடையிலும் படிப்பித்தேன். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம் இது. துளி இரும்பும் டைட்டேனியமும் கலந்ததால் நீலம். பூமிக்கடியில் வெக்கையிலும் அமுக்கத்திலும் உருவாகி ஆற்றுக்கு வந்தது. வைரத்தைத் தவிர லேசில் எதுவும் இதைக் கீறாது, ஆனால் திடீரென்று நெருப்புப் பட்டால் வெடிக்கும். கோட்டைக் கரைக்க வேறு உலை இருக்கிறது. கைக்கடிகாரக் கண்ணாடிக்கென்று ஆலையில் செய்யும் இதே கனியம்தான் கோடில்லாமல் துப்புரவாக இருக்கும்.

பத்தரின் உருப்பெருக்கியை வாங்கி மாமியிடம் நீட்டினேன். “பாருங்க. ஊசி ஊசியாக் கிடக்கிறது வெடிப்பில்ல. கல்லோட கூடப் பொறந்தது.”

வேண்டாவெறுப்பாகக் கண்ணில் வைத்தார். நெடுநேரம் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை.

“என்ட மகன் பழுதான கல்லக் குடுத்தானெண்டு சனம் கதைக்கட்டுமா?”

“கதைக்கட்டும். இது என்ட மஹர், மாமி. என்னக் கேக்காம ஒருத்தருக்கும் கை வைக்கேலா. உங்கட மகனுக்கும் ஏலா.”

அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கல்லைத் திரும்பப் பதிக்க வைத்து, விரலில் போட்ட பிறகுதான் கடையை விட்டு இறங்கினேன்.

கல்யாணத்தன்று மருதமுனையிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி என் விரலைப் பிடித்துத் திருப்பினாள். “கல்லுக்குள்ள கோடு கிடக்கே?”

நான் வாய் திறக்குமுன் மாமி கையிலிருந்த சோற்றுச் சஹன் தட்டைக் கீழே வைத்தார்.

“ஓம், கிடக்கு. கூடப் பொறந்த கோடு. உங்கட கல்லில இரிக்கா? காட்டுங்க பாப்பம்.”

உறவுக்காரி தன் மோதிரக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.