கொத்தமல்லி இல்லாமல் வராதீங்க

பிழைக்க வந்த புதிதில், சந்தையில் கொத்தமல்லி என்று நினைத்து வேறு ஏதோ ஒரு கீரைக்கட்டை வாங்கிவிட்டேன். பார்க்க அப்படியே கொத்தமல்லிதான். பஸ் ஏறிய பிறகுதான் வாசம் இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் போய் மாற்றக் கேட்க எனக்குப் பாஷை தெரியாது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் உள்ளே நல்ல கொத்தமல்லி. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அக்கா, எனக்கே தெரியாமல் தன்னுடையதை மாற்றி வைத்திருக்கிறார்.

அக்காவும் நானும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தோம். படுக்கை விரிப்பின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். அவர் மடித்தால் ஓரம் கோடு போட்ட மாதிரி நிற்கும். அதனால் எல்லோருக்கும் அவர் மடிப்பக்கா. என் மடிப்பில் படுத்தால் நோயாளிக்கு முதுகுவலியும் சேர்ந்து வரும் என்று கேலி செய்வார்.

ஒருநாள் விரிப்பை மடித்துக்கொண்டேதான் அதைச் சொன்னார். அவர் வீட்டுக்காரர், அந்த அண்ணனும் அதே கீரையிடம் ஏமாறுகிறவர். ஒரு சனிக்கிழமை அப்படித்தான் வாங்கி வந்து நின்றிருக்கிறார். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே, "கொத்தமல்லி இல்லாம இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். சந்தைக்குப் போகும் வழியில் பூக்கடை முன்னால் சுருண்டு விழுந்தார். பூக்காரம்மா வாளிகளை ஒதுக்கி, தன் பலகையில் படுக்க வைத்தாளாம். கையில் அந்தத் தப்புக் கட்டு அப்படியே இருந்ததாம். எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை முகம்வரை போர்த்தியிருந்த துணியில் அக்கா தன் மடிப்பைப் பார்த்தார்.

அதிலிருந்து சனிக்கிழமை தவறாது. காலை பத்து மணிக்குச் சந்தைக்குப் போய், இலையைக் கசக்கி மோந்து பார்த்து ஒரு கட்டு வாங்குவார். பிறகு பூக்கடை. பூக்காரம்மா பாசமாகப் பூவை மூக்கருகே நீட்டுவாள். சாமிக்கு வைக்கிற பூவாயிற்றே என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பூ சாமிக்குத்தான் போகும். அண்ணன் படத்துக்கு ஒருநாளும் மாலை போட்டதில்லை.

கூடப் போன முதல் தடவை, பூக்கடையிலிருந்து திரும்பும்போது நான் அவரை ஒட்டி நடந்தேன். என் தோளைப் பிடித்து மெல்ல விலக்கினார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் அளவு இடம். மனசுக்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் கேட்டும்விட்டேன், சாமி கூப்பிட்டுக்கொண்ட ஆள் இங்கே எப்படியக்கா நிற்பார் என்று.

அக்கா சிரித்தார். "சாமியே கூப்பிட்டாலும் என் பேச்ச மீறி அந்த மனுஷன் போவாரா?"

போன வருஷம் மகளுக்குப் பிரசவம். இனி எங்களோடுதான் இருக்கணும் என்று அவள் வேறு தேசத்திலிருந்து கூப்பிட்டாள். இரண்டு மாதம் அக்கா தள்ளிப்போட்டார். மகளை விடவும் முடியாது, சனிக்கிழமையை விடவும் முடியாது. விரிப்பு மடிக்கும்போது அவர் முனை நழுவிக்கொண்டே இருந்தது.

கடைசியில் புறப்பட்ட அன்று அக்கா நெற்றியில் விபூதி பூசிவிட்டேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். காரில் ஏறப்போனவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழம பத்து மணிக்குப் போயிடும்மா. கசக்கிப் பாத்து வாங்கு, அவர மாதிரி ஏமாந்துடாத. பூக்கடைகிட்ட நின்னு, சத்தமா வேணாம், 'கெடச்சிடுச்சுண்ணா, வாங்க போலாம்'னு சொல்லு. என் வீடு பூட்டிக் கெடக்கும், உன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போ. வழியில மட்டும் அவருக்குக் கொஞ்சம் எடம் விட்டு நட."