வாப்பாவை மக்கத்துக்கு அனுப்பிய படம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்முனையில் இரண்டு மாடிக் கடை கட்டினேன். அரிசி ஆலை போட்டேன். இவனுக்கு ஆலையா என்று சிரித்தவர்களின் நெல்லெல்லாம் பிறகு அங்கேதான் குத்துப்பட்டது. வெள்ளம் அள்ளிக்கொண்டு போன களஞ்சியத்தைத் திரும்ப எழுப்பினேன். இவற்றுக்கெல்லாம் முன்னால், எட்டு வயதில், வாப்பாவை ஹஜ்ஜுக்கு அனுப்பியவனும் நான்தான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஐம்பதுகளில் நடந்தது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும் என்றார்கள். படம் பிடிப்பது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று ஊர் ஒரு பாடு கதைத்து ஓய்ந்த பிறகு, கல்முனையிலிருந்து படக்காரர் வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவருக்கு வெள்ளைதான் அழகு என்று வாப்பாவுக்கு வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் வெள்ளை விரிப்பும் கட்டினார்கள். படக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. படத்தில் தொப்பியும் இல்லை, தோளும் இல்லை. முகமும் தாடியும் மிதந்தன. கொழும்பில் கடவுச்சீட்டுக் கந்தோர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

“மச்சான்ட முகம் மட்டும்தான் மக்கத்துக்குப் போகுதாம். உடம்பு ஊரில நிக்குதாம்” என்று மாமா சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தார்.

படக்காரர் மறுபடி வந்தார். இந்த முறையும் படம் பிழையாய்ப் போனால் அந்த வருஷம் கப்பல் இல்லை. கறுப்புத் துணி கட்டுங்கள் என்றார். எங்கள் வீட்டுத் தறியில் கிடந்ததெல்லாம் வெள்ளையும் இளநீலமும். மேகம் வேறு கூடிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, நான் உள்ளே ஓடி உம்மாவின் பெட்டகத்தைத் திறந்து, கடும் நிறமாக ஒன்றை இழுத்துவந்தேன். உம்மாவின் கலியாணச் சேலை. சுத்தச் சிவப்பு.

மாமா வாயைப் பொத்திக்கொண்டார். வாப்பா முறைத்தார். படக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாப்பாவை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

“சிவப்பு இந்தப் படத்தில கறுப்பாத்தான் விழும், காக்கா. கட்டுங்க.”

உள்வாசலில் கட்டினோம். கடல்காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. அந்நிய ஆண் முன்னால் உம்மா வரமாட்டார். சேலைக்கு அப்பால் நின்று, இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார். படம் அசையாமல் விழுந்தது. வாப்பா கப்பலேறினார்.

உம்மாவை ஆயுளில் யாரும் படம் பிடித்ததே இல்லை. வாப்பா திரும்பி வரும்வரை அந்தப் படத்தின் பிரதியை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “இதில நானும் இரிக்கன், மகன்” என்றார். நான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து மூலை மூலையாகத் தேடினேன். உம்மாவைக் காணவில்லை. உம்மாவுக்குக் கண் பிசகிவிட்டது என்று மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

பிற்காலத்தில் எடுத்த கலர்ப் படங்களெல்லாம் மஞ்சளடித்துப் போயின. அந்தக் கறுப்பு மட்டும் இன்றும் புதுசு. இப்போது பேரன் அதற்கு நிறம் ஊட்டிப் பெரிதாக்கி மாட்டப் போகிறானாம். பின்னால் நீலம் அடித்து, கீழே வாப்பாவின் பெயரை மட்டும் போட்டிருக்கிறான். கூடாது. கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். முதலில் வாப்பாவின் பெயர், அடுத்து உம்மாவின் பெயர். அதற்கும் கீழே, சேலையைக் கொண்டுவந்தது நான் என்று.