வெண்ணந்தூர் எருமையும் ஒரு பானை நெய்யும்

ராசிபுரம் பக்கம் போகிறவர்கள் நெய் வாங்காமல் திரும்புவதில்லை. நானும் வாங்குவேன், ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான். அறுபதுகளின் தொடக்கத்தில், சேலத்தில் கால்நடை மருத்துவனாகச் சேர்ந்த புதிதில் போன ஒரு பயணம்தான் அதற்குக் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஓர் ஆள் காத்து நிற்கிறார். வெண்ணந்தூரில் ஓர் எருமை வலிப்பு கண்டு கிடக்கிறதாம். சேலத்திலிருந்து ராசிபுரம் சுமார் பதினேழு மைல், அங்கிருந்து இன்னும் ஆறு மைல். ராசிபுரத்தில் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். டிக்கெட் எவ்வளவென்று மறந்துவிட்டது, அந்த ஒரு மணி நேரம் மறக்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் எருமை செத்திருந்தது.

"உண்ணி தாங்கலீங்க. எப்பவும் வேப்பெண்ணெய்தான் தேய்ப்போம். பருத்திக்கு வாங்குன பூச்சிமருந்து, பி.எச்.சி. பொடி மிச்சமிருந்துச்சு, அதையும் எண்ணெயில கொழச்சுத் தேய்ச்சுக்கிட்டிருந்தேனுங்க" என்றார் உரிமையாளர் ராமசாமி.

வெறும் பொடியென்றால் கொஞ்சமாவது உதிர்ந்திருக்கும். எண்ணெய் அதைத் தோலுக்குள் கொண்டுபோய்விட்டது. அறுத்துப் பார்த்தேன். கல்லீரல் வீங்கி வெளிறியிருந்தது, விரல் பட்டதும் பிய்ந்தது. சிறுநீரகத்திலும் மூளையிலும் இரத்தம் கட்டியிருந்தது.

கட்டுத்தறியில் இன்னோர் எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் தேய்த்தீர்களா என்றேன்.

"போன மாசத்துல இருந்தே ரெண்டுக்கும் தேய்க்கறோமுங்க. இது நல்லாத்தான சாமி நிக்குது" என்றார் அவர் மனைவி செல்லம்மாள். "இதோட பால்ல எடுத்த நெய்யத்தான் புள்ள பெத்த மகளுக்குப் போடறேன்."

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். உள்ளே குழந்தை அழுதது.

இந்த விஷம் கொழுப்பில் தங்கும், பாலில் இறங்கும், வெண்ணெயில் சேரும், உருக்கினாலும் போகாது என்று சொன்னேன். செல்லம்மாள் உள்ளே போனார். பானையைத் தூக்கிவந்து, எருமைக்கு வெட்டிய குழியில் நெய்யைக் கவிழ்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப எம்புள்ள குடுக்கற பாலுங்க?"

"நெய்ய நிறுத்துங்க. தாய்ப்பால நிறுத்தாதீங்க. நாளைக்கே ரெண்டு பேரையும் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றேன். அது சரியான பதில்தானா என்று எனக்குத் தெரியாது. நான் படித்தது மாட்டைப் பற்றி. திரும்பி வரும் வழியெல்லாம் பயமாக இருந்தது.

நீங்கள் போனால் காலையிலேயே கிளம்புங்கள், வெயில் கடுமை. நெய் வாங்குமுன் விலையைக் கேட்காதீர்கள். "மாட்டுக்கு உண்ணி வந்தா என்னங்க தேய்ப்பீங்க?" என்று கேளுங்கள். பொடி என்றாலோ, பதில் சொல்ல யோசித்தாலோ, வெறுங்கையோடு பஸ் ஏறுங்கள்.